அம்மா தனியே போய்வரும் தூரம்

"போக்குவரத்து, பூங்கா, நடைபாதை ஆகியவற்றை மேம்படுத்த மாநகராட்சிகள் எடுக்கும் முயற்சிகளால் அன்றாட வாழ்க்கை உண்மையில் மாறுகிறதா, அல்லது திறப்பு விழாவோடு எல்லாம் முடிந்துவிடுகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னை மேற்கு மாம்பலத்தில் வசிப்பவள் என்பதால் எனக்குத் தெரிந்த அந்த வட்டாரத்தை வைத்தே பதில் சொல்கிறேன். மாறுகிறது என்பதுதான் என் பதில். ஆனால் எது மாற்றம், எது வெறும் அலங்காரம் என்று பிரித்துப் பார்க்க என்னிடம் இருப்பது ஒரே ஓர் அளவுகோல்: எழுபது வயதைத் தாண்டிய, முழங்கால் தேய்மானம் உள்ள என் அம்மா, துணைக்கு யாரும் இல்லாமல் எவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பி வருகிறார் என்பது.

எங்கள் பகுதிக்கு ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தியாகராய நகர். இன்று நகைக்கடைகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் பேர்போன அந்த இடம், நூறு ஆண்டுகளுக்கு முன் திட்டம் போட்டு அமைக்கப்பட்ட குடியிருப்பு என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, 'நெடிய ஏரி' எனப்பட்ட பெரிய நீர்நிலையின் பகுதியை வற்றவைத்துத் தூர்த்து, 1923 முதல் மனைகள் பிரிக்கப்பட்டன. நடுவில் ஒரு பூங்காவை வைத்து, அங்கிருந்து தெருக்கள் விரியும்படி வரைந்திருந்தார்கள். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, தியாகராயர் சாலை, உஸ்மான் சாலை என்று நீதிக்கட்சிக் காலத்துத் தலைவர்களின் பெயர்களே வழி நெடுகக் கிடைக்கும். பூங்காவை முதலில் வரைந்துவிட்டுப் பிறகு வீடுகளை வரைந்த அந்த மனப்பான்மையை நான் இன்றும் வியக்கிறேன். ஏரியைத் தூர்த்ததற்கான விலையை மழைக்காலந்தோறும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் அதே கதையின் இன்னொரு பக்கம்.

இந்த வட்டாரத்தில் மாநகராட்சி செய்த வேலைகளில் அதிகம் பேசப்பட்டது பாண்டி பஜார் நடைபாதை வளாகம். சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் அமைக்கப்பட்டு 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. கார்கள் வரிசையாக நின்ற இடத்தை எடுத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். கல் பாவி, இருக்கைகள் போட்டு, மரங்களைச் சுற்றி மேடை கட்டினார்கள். வாகனம் வரவில்லையென்றால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். ஆனால் இன்று மாலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால், எதுவும் வாங்கும் உத்தேசமே இல்லாமல் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களைக் காணலாம். சென்னையில் கடற்கரையைத் தவிர வேறெங்கும் காசு செலவழிக்காமல் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம் என்பதால், இதை நான் சிறிய சாதனையாகக் கருதவில்லை. இரு சக்கர வாகனங்கள் அந்த நடைபாதையிலும் ஏறத்தான் செய்கின்றன. அதற்குக் கல் பாவியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. நடைபாதை வளாகம் கட்டப்பட்டது அந்த அதிகாரிகள் ஆட்சிக் காலத்தில்தான். ஒரு சாலையை அழகாக்குவதற்கு மாமன்ற உறுப்பினர் தேவைப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சாலைக்கு வந்து சேரும் இருபது தெருக்களின் சாக்கடை மூடியையும் தெருவிளக்கையும் பற்றிக் கேட்க ஆள் இல்லாமல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது என்பதும் உண்மை.

அம்மாவின் கணக்கில் பாண்டி பஜாரைவிடப் பெரிய மாற்றம், மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம். 570 மீட்டர் நீளமுள்ள அது 2023 மே மாதம் திறக்கப்பட்டது. அதற்கு முன் பேருந்து பிடிக்க வேண்டுமென்றால் ரங்கநாதன் தெரு நெரிசலில் நுழைந்து வர வேண்டும். பண்டிகைக் காலத்தில் அந்தத் தெருவில் நாம் நடப்பதில்லை, நம்மைத் தள்ளிக்கொண்டு போவார்கள். தீபாவளிக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே செருப்பு அறுந்து, குனிந்து எடுக்கவும் முடியாமல், ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பிய பிறகு அம்மா அந்தப் பக்கம் தனியே போவதையே நிறுத்திவிட்டார். இப்போது ரயில் நிலையப் படிகளை மட்டும் நின்று நின்று ஏறிவிடுகிறார். அதன் பிறகு முழுவதும் சமதளம், மேலே கூரை. நடுவழியில் நின்று கீழே மார்க்கெட் தெருவின் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. "மேலே இருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒரே மாதிரி இருக்கு" என்று ஒரு நாள் சொன்னார்.

இந்த நடைமேம்பாலத்துக்கு ஆன செலவு 30 கோடி ரூபாய்க்குள். அதே உஸ்மான் சாலையில், வாகனங்களுக்காக மாநகராட்சி கட்டி 2025-இல் திறக்கப்பட்ட இரும்பு மேம்பாலத்துக்கு ஆனது சுமார் 165 கோடி. இரண்டுமே தேவை என்று வாதிடுபவர்கள் இருக்கலாம். நான் வாதிட வரவில்லை. ஆனால் சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையொன்றை, இந்தியாவிலேயே முதலாவதாக, ஏற்றுக்கொண்டது என்பதையும், போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதத்தை அவர்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று அக்கொள்கை சொல்கிறது என்பதையும் இந்த இரண்டு தொகைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பேருந்துக்கு வருகிறேன். மாநகரப் பேருந்துகளை ஓட்டுவது மாநகராட்சி அல்ல, மாநில அரசின் போக்குவரத்துக் கழகம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது; அடுத்த ஆண்டே அந்தப் பேருந்துகளின் முகத்துக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள், எட்ட நின்றே அடையாளம் தெரிவதற்காக. இதன் விளைவைக் காசுக் கணக்கில் மட்டும் அளப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். மயிலாப்பூரில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போக வேண்டும் என்றால் முன்பெல்லாம் அம்மா என்னிடம் சொல்வார். சொல்வதே ஒருவகையில் அனுமதி கேட்பதுதான், ஏனென்றால் ஆட்டோவுக்குப் பணம் நான் கொடுக்க வேண்டும். இப்போது போய்விட்டு வந்த பிறகு சொல்கிறார்.

ஆனால் ஏறுவது இன்னும் பாடுதான். பழைய பேருந்தின் முதல் படி அவருடைய முழங்காலுக்கு மேல் இருக்கிறது. நடத்துநர் நல்லவராக இருந்தால் "மெதுவா ஏறுங்கம்மா, வண்டி நிக்கும்" என்று விசிலை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் வரை சென்று போராடியதன் பலனாக 2024 ஆகஸ்டு முதல் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. 2025-இல் மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளும் வந்தன. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும் வசதி அவற்றில் உண்டு. முதல் முறை அதைப் பார்த்தபோது அம்மா சிரித்துவிட்டார். யானை மண்டியிடுவதுபோல் இருக்கிறதாம்.

அந்த யானை மண்டியிட்டும் பயனில்லாத நாட்கள் உண்டு என்பதுதான் நான் சொல்ல நினைக்கும் முக்கியமான செய்தி. பேருந்து நிறுத்தத்தில் கார் நிறுத்தப்பட்டிருந்தால் பேருந்து நடுச்சாலையில் நிற்கும். அப்போது பயணி நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏற வேண்டும். நடைபாதை மட்டத்துக்குப் பேருந்தைத் தாழ்த்திய அத்தனை பொறியியலும் வீணாகிவிடும். நிறுத்தத்தின் நிழற்குடை மாநகராட்சியுடையது, பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது, காரை அப்புறப்படுத்தும் அதிகாரம் போக்குவரத்துக் காவல் துறையுடையது. இப்படிச் சிதறிக் கிடப்பவற்றை ஒருங்கிணைப்பதற்காகவே ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் ஒன்றை அமைக்க 2010-இல் சட்டம் இயற்றினார்கள்; அது உண்மையில் இயங்கத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு வாங்கும் 'சென்னை ஒன்று' வந்தது. நல்ல முயற்சி. பயணச்சீட்டு ஒன்றாகிவிட்டது, நிறுத்தத்திலிருந்து படிவரை உள்ள அந்த மூன்றடி இன்னும் ஒன்றாகவில்லை.

பூங்காக்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கதீட்ரல் சாலையில் 2010-இல் வந்த செம்மொழிப் பூங்காவும், அதன் எதிரே 2024 அக்டோபரில் வந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் தோட்டக்கலைத் துறையுடையவை. நுழைவுக் கட்டணம் கொடுத்து, விருந்தினர் வந்தால் அழைத்துப் போகலாம். தினசரி வாழ்க்கைக்கு உதவுபவை வார்டுக்குள் இருக்கும் மாநகராட்சியின் சிறு பூங்காக்களே. பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியால் புறநகரில் அத்தகைய இடங்கள் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. எங்களைப் போன்ற பழைய குடியிருப்புகளில் வீடுகள் அதற்கு முன்பே நெருங்கிவிட்டன. இருக்கும் ஒன்றிரண்டைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி. பனகல் பூங்காவே மெட்ரோ சுரங்க ரயில் நிலையப் பணிக்காகத் தன் பங்கைக் கொடுத்துவிட்டு நிற்கிறது.

சற்றே விலகிப் போனாலும் மெரினாவைச் சொல்லாமல் விட மனமில்லை. சக்கர நாற்காலியில் வருபவர்கள் அலையருகே போவதற்காக, 263 மீட்டர் நீளத்துக்கு மரத்தாலான பாதையொன்றை 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மாண்டஸ் புயல் வந்து அதைச் சிதைத்துவிட்டது. மக்கள் பணம் கடலில் போய்விட்டது என்று அன்று கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு அதைச் சீர்படுத்தினார்கள். நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரிலேயே இருந்தும், பக்கவாதம் வந்த பிறகு கடலைக் காரின் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த என் பெரியம்மாவை அந்தப் பாதையில் தள்ளிக்கொண்டு போனேன். பலகைகளின் இடுக்கில் சக்கரம் டக் டக்கென்று தட்டிக்கொண்டே போயிற்று. பாதை முடியும் இடத்தில் அவர் ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தில் பட்ட உப்புக் காற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேல் ஆன அந்தப் பாதையைப் பற்றி நான் மறுபடி கேலி பேசியதில்லை.

கடைசியாக, அக்கம்பக்கத்து வாழ்க்கை. தமிழ்நாட்டில் 2022-இல் நகர்ப்புறங்களுக்கும் பகுதி சபைகள் வந்தன. கிராம சபையைப்போல, ஒவ்வொரு வார்டையும் சிறு பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி மக்கள் உட்கார்ந்து பேசுவதற்கான ஏற்பாடு. நான் போயிருந்த கூட்டத்தில் நாற்காலிகள் பாதி காலியாகத்தான் இருந்தன. கொசு மருந்து, தெருநாய், குப்பை வண்டி வரும் நேரம் என்று வழக்கமான குறைகள் வந்த பிறகு, அம்மா எழுந்து, வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே உட்கார ஒரு பெஞ்சு வேண்டும் என்று கேட்டார். மாமன்ற உறுப்பினர் உடனே ஒப்புக்கொண்டு, எந்த இடம் என்று கேட்டார். அப்போதுதான் சிக்கல் தொடங்கியது. தங்கள் வீட்டு வாசலில் வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். கண்டவர்களும் வந்து உட்கார்ந்து இரவெல்லாம் பேசுவார்கள் என்று இன்னொருவர். பெஞ்சு நல்லது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது எதிர்வீட்டு வாசலில் இருக்க வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை.

இறுதியில் ஓர் இஸ்திரி வண்டிக்காரர்தான் தம் வண்டி நிற்கும் புங்கமரத்தடியைக் காட்டி, "இங்க போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். சில வாரங்களில் சிமெண்டுப் பெஞ்சு ஒன்று அங்கே வந்துவிட்டது. பகலில் துணி கொடுக்க வருபவர்களும், மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களும், அன்று மறுத்துப் பேசிய அந்த இருவரில் ஒருவரும் அதில் உட்காருகிறார்கள். காலையில் ஒன்பதேகால் மணிக்கு அது அம்மாவின் இடம். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரயில் நிலையப் படிகளை நோக்கி நடக்கிறார்.