பார்வோ என்றால் என்ன? நாய்க்குட்டி ஏன் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடுகிறது?

பார்வோ என்பது நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். வாந்தி, கடுமையாக நாறும் ரத்தப்பேதி, சோர்வு.

குடலின் உள்தோல் சில நாளுக்கொருமுறை புதிதாக வளரும். அதை வளர்க்கும் செல்களையே இந்த வைரஸ் அழிக்கிறது. மண் தரையைச் சாணம் போட்டு மெழுகுவோம் இல்லையா, மெழுகும் கை நின்றுபோனால் தரை பெயர்ந்துவிடும், அப்படித்தான். அப்புறம் உடம்பில் நீர் தங்காது, கிருமிகள் ரத்தத்தில் இறங்கும், எதிர்க்கும் வெள்ளணுக்களும் குறைந்திருக்கும்.

காட்பாடியில் எங்கள் நாய்க்குட்டி மணியை இப்படித்தான் இழந்தோம். வேலூர் வெயில் சூடு என்று நினைத்து, மோர் ஊற்றி ஒரு நாளை வீணாக்கினோம். கடைசியில் தண்ணீர்க் கிண்ணத்து விளிம்பில் தாடையை வைத்தபடியே கிடந்தான், குடிக்கத் தெம்பில்லை.

ஒரு தடுப்பூசி போட்டாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம், அதனால் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் ஆகும்வரை, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும்.