பழைய ஸ்கிட் ஸ்டியர் லோடர் தானாக ஊர்ந்து, ஒரு பக்கம் இழுத்தால் பம்ப் போய்விட்டது என்று அர்த்தமா?

உங்கள் கேள்வி இதுதான்: மண் அள்ளும் சின்ன வண்டியான ஸ்கிட் ஸ்டியர் லோடர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு லீவரையும் விட்ட பிறகும் மெல்ல முன்னால் ஊர்கிறது, நேராக ஓட்டினால் இடப்பக்கம் இழுக்கிறது. பார்த்தவர் பம்பை மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பழைய லோடர் ஒன்றைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்த வண்டியில் ஸ்டியரிங் என்று தனியாக ஒன்றும் கிடையாது, இரண்டு பக்கச் சக்கரங்களின் வேக வித்தியாசத்தில்தான் திரும்பும். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பம்ப், அது தள்ளும் ஆயிலில் சுற்றும் ஒரு மோட்டார். வலப்பக்கத்துக்கு இன்னொரு ஜோடி. லீவரைத் தள்ளினால் பம்புக்குள் இருக்கும் ஸ்வாஷ் பிளேட் என்ற தட்டு சாயும். அது எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு ஆயில் மோட்டாருக்குப் போகும். சாயாமல் நடுவில் நின்றால் ஆயில் போகாது, சக்கரமும் சுற்றாது. சமதரையில் லீவரை விட்ட பிறகும் வண்டி ஊர்கிறது என்றால் அந்தத் தட்டு நடுவுக்கு முழுசாகத் திரும்பவில்லை. தேய்ந்த பம்ப் ஆயிலைக் குறைவாகத்தான் தள்ளும், கேட்காமல் தானாகத் தள்ளாது. அதனால் ஊர்வது என்ற ஒரு குறையை மட்டும் வைத்துப் பம்பைக் குற்றம் சொல்ல முடியாது. சரிவில் நிறுத்தும்போது கீழ்நோக்கி நழுவுவது வேறு கதை, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் வேலை கழுவுவது. அடித்தகட்டைக் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் அங்கே மண், சருகு, ஆயில் எல்லாம் சேர்ந்து கெட்டியாகிக் கிடக்கும். அது தீப்பிடிக்கவும் வழி, கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மறைக்கவும் செய்யும். ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் நடுவிலும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அந்த இடைவெளியை யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் டயர். இடப்பக்கம் இழுக்கிறது என்றதும் எல்லோரும் ஆயிலைப் பற்றி யோசிக்கிறார்கள், டேப் எடுத்து டயரை அளப்பதில்லை. இரண்டு பக்கமும் 10-16.5 என்று ஒரே சைஸ் எழுதியிருந்தாலும், கம்பெனி வேறானால் சுற்றளவு மாறலாம், தேய்மானத்திலும் மாறும். சின்ன டயர் இருக்கும் பக்கம் மெதுவாகத்தான் போகும். நான்கு டயரின் சுற்றளவையும் அளந்து, காற்றைச் சமமாக வையுங்கள். ஒரே பக்கத்தின் முன், பின் டயர்கள் வித்தியாசப்பட்டால் இன்னும் மோசம்: பெரும்பாலான வண்டிகளில் அவை இரண்டும் ஒரே பெட்டிக்குள் செயினால் கட்டுண்டவை, வித்தியாசம் முழுவதையும் செயின்தான் தாங்க வேண்டும்.

இனி லிங்கேஜ், அதாவது லீவரையும் பம்பையும் இணைக்கும் ராடுகளும் மூட்டுகளும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும், இன்னொருவர் பம்பின் மேல் இருக்கும் ஆர்மைப் பார்க்கட்டும். லீவர் அசைந்தும் ஆர்ம் அசையவில்லை என்றால் நடுவில் எங்கோ ஆட்டம் இருக்கிறது. பால் ஜாயின்ட், புஷ், பின், நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள். தேய்ந்ததை மாற்றிய பிறகுதான் செட்டிங்கில் கை வைக்க வேண்டும். பலர் இங்கேதான் குறுக்கு வழியில் போகிறார்கள்: ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ராடைத் திருகி நியூட்ரல் (தட்டு நடுவில் நிற்கும் நிலை) வைப்பார்கள். அது அன்றைக்கு நிற்கும், கொஞ்ச நாளில் மறுபடி ஊரும்.

நியூட்ரல் வைக்க நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்ப வேண்டும். பக்கெட் காலியாக இருக்கும்போது எடையில் பெரும்பகுதி பின்னால் இருக்கும், ஜாக் போடும்போது அதை மறக்காதீர்கள். ஜாக்கை நம்பி விடாமல் உறுதியான ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். பூம் (பக்கெட்டைத் தூக்கும் கை) கீழே இருக்கட்டும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கான லாக்கைப் போடாமல் அடியில் தலையை நுழைக்காதீர்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, மடியின் மேல் வரும் பாதுகாப்பு பாரை இறக்கி இன்ஜினை ஓட விடட்டும். லீவரை முன்னும் பின்னும் தள்ளி விட்டுவிட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தள்ளி நின்று பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, லாக் நட்டைத் தளர்த்தி, அந்தப் பக்கத்து ராடைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு திசையிலிருந்தும் விட்டால் சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும். சரிசெய்யும் இடம் மாடலுக்கு மாடல் மாறும், அதற்கு சர்வீஸ் மேனுவல் வேண்டும். ஜாய்ஸ்டிக் வண்டியில் பெரும்பாலும் இந்த ராடே இருக்காது, நியூட்ரலைக் கன்ட்ரோலர் வழியாகத்தான் வைக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் இழுத்தால், லீவர்கள் கடைசி வரை போய் முட்டும் இடத்தில் ஸ்டாப் போல்ட் இருக்கிறதா பாருங்கள். வேகமாக ஓடும் பக்கத்தை, உங்களுக்கு வலப்பக்கத்தை, அதில் கொஞ்சம் குறைத்தால் வண்டி நேராகப் போகும்.

பம்பைச் சந்தேகிக்க ஒரு நல்ல அறிகுறி சூடு. காலையில் நேராகப் போய், ஆயில் சூடானதும் இழுக்கிறது, பலம் குறைகிறது என்றால் உள்ளே கசிகிறது. சூடானாலும் ஆறினாலும் ஒரே அளவு இழுத்தால் அது டயர் அல்லது லிங்கேஜாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும், பூமும் சேர்ந்தே தளர்ந்தால் ஆயில் அளவு, ஃபில்டர், பம்புக்கு பெல்ட் இருந்தால் அதன் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூட்டில் தளர்ந்தால், இரண்டு பக்கத்துப் பம்ப் ஹோஸ்களையும் மோட்டாருக்கு மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். தளர்ச்சி பக்கம் மாறினால் பம்ப், மாறாமல் நின்றால் மோட்டார். அப்போது இடது லீவர் வலப்பக்கத்தை ஓட்டும் என்பதால் இதையும் ஸ்டாண்டில் வைத்தே தொடங்குங்கள். கழற்றிய முனைகளில் ஒரு துகள் மண் போனாலும் நல்ல பம்பையும் கெடுத்துவிடும்.

செயின் பெட்டியின் ஆயில் அளவையும் பாருங்கள். அங்கே ஏறி, ஹைட்ராலிக் டேங்கில் இறங்கினால் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. புது சீல் போடும் முன், கேஸ் டிரெயின் ஃபில்டர் (மோட்டாருக்குள் கசியும் ஆயில் டேங்குக்குத் திரும்பும் வழியில் இருப்பது) இருக்கும் வண்டி என்றால் அது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பை விட்டுவிட்டால் புது சீலும் போகும்.

ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசி போல வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சீட் ஸ்விட்சை முந்தைய ஓனர் ஒயர் போட்டு ஏமாற்றியிருந்தால் அதைப் பிடுங்கிவிட்டு ஸ்விட்சை மாற்றுங்கள். ஸ்விட்ச் வேலை செய்யாததற்குச் சீட்டுக்கு அடியில் கனெக்டர் துருப்பிடித்ததும் காரணமாக இருக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு சூட்டில் இழுத்தால், சார்ஜ் பிரஷரை (பம்புக்கு ஆயிலை ஊட்டும் அழுத்தம்) கேஜ் வைத்து, ஆயில் குளிர்ந்திருக்கும்போதும் சூடான பிறகும் எடுத்து, மாடலோடு சேர்த்து இங்கேயே எழுதுங்கள், பார்க்கலாம்.