மூலிகையில் புற்றுநோய் மருந்து தேடுவது: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மூலிகைச் சாறுகளைப் புற்றுநோய் செல்களில் சோதித்துப் பார்ப்பது என் வேலை. நான் மருத்துவர் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

செல்லூரிலிருந்து ஒரு மகள்: சார், அப்பாவுக்குக் குடல் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. முள்சீத்தா கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இலைக் கஷாயம் கொடுக்கலாமா?

வேண்டாம்மா. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1996இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. முள்சீத்தா விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரே ஒரு வேதிப்பொருளை, ஆய்வகத்தில் வளர்த்த குடல் புற்றுநோய் செல்களில் போட்டுப் பார்த்தார்கள். அங்கே கிடைத்த எண் அது. இலையும் இல்லை, கஷாயமும் இல்லை, மனித உடம்பும் இல்லை.

அந்த வேதிப்பொருளின் குடும்பத்தில் அனோனசின் என்று ஒன்று முள்சீத்தாவில் உண்டு. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவையே அது முடக்கும். நரம்பு செல்கள் அதைத் தாங்காது. முள்சீத்தா பழமும் இலைத் தேநீரும் அதிகம் புழங்கும் குவாதலூப் தீவில் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் வழக்கத்துக்கு மாறாகக் காணப்படுவதை 1999இலேயே எழுதியிருக்கிறார்கள். குடல் புற்றுநோய்க்குப் பலருக்கும் கொடுக்கும் ஆக்சாலிபிளாட்டின் மருந்தே கை கால்களை மரத்துப்போகச் செய்யும். அதன் மேல் இதுவும் எதற்கு? ஏற்கெனவே கொடுத்திருந்தால், டாக்டர் திட்டுவாரே என்று மறைக்காதீர்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

திருமங்கலம், எம்.எஸ்சி. மாணவர்: சார், துத்தி இலைச் சாற்றை ஹீலா செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்) போட்டேன். மில்லிலிட்டருக்கு 180 மைக்ரோகிராமில் பாதி செல் செத்துவிட்டது. ‘புற்றுநோய் எதிர்ப்பு மருந்து’ என்று தலைப்பு வைக்கலாமா?

வைக்காதே தம்பி. முழுச் சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்தால்தான் மேற்கொண்டு பிரித்துப் பார்க்கத் தகுதி என்பது பொதுவான அளவுகோல். 180 என்பது பலவீனம். சாதாரண செல்லிலும் போட்டுப் பார்த்தாயா? அதுவும் அதே அளவில் சாகிறது என்றால் உன் கையில் இருப்பது வெறும் நஞ்சு.

எம்.டி.டி. சோதனையை நம்பியா இந்த எண்? உயிருள்ள செல் அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், ஊதாவை மீட்டரில் அளந்து எவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று கணக்கிடும் சோதனை அது. அப்படியானால் இன்னொன்றையும் செய். செல்லே இல்லாத குழியில் உன் சாற்றையும் எம்.டி.டி.யையும் மட்டும் ஊற்றி, வழக்கமான நேரம் வைத்துப் பார். மஞ்சள் அப்படியே நிற்க வேண்டும். நம் மூலிகைகள் பலவற்றில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அதிகம். அவை தாமாகவே எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும். செத்த செல் உயிரோடு இருப்பதாக மீட்டர் காட்டும். சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய டி.எம்.எஸ்.ஓ. திரவத்தை மட்டும் செல்லில் போட்ட குழியும் வேண்டும், செல்லைக் கொல்வது சாறா அந்தத் திரவமா என்று தெரிய. இந்த இரண்டும் இல்லாத கட்டுரையைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. பிள்ளைகளின் உழைப்பு வீணாகிறதே என்றுதான்.

பழங்காநத்தம்: வாசலில் நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கிறது. தினமும் நாலு இலை மென்றால் புற்றுநோய் வராதாமே?

மெல்லாதீர்கள், அது நச்சு. ஆனால் அந்தச் செடி நிஜமாகவே மருந்து கொடுத்தது. கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் 1950களில் அதைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் இறங்கின. ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள்தானே கட்டுமீறிப் பெருகுகின்றன? அந்தத் துப்பைப் பிடித்துப் போனதில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது, அப்புறம் வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கிய மருந்து. அதை ரத்தக்குழாய் (சிரை) வழியாக, ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவில், ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்கிறார்கள். நாலு இலையில் மருந்து அளவு வராது, செடியிலுள்ள மற்ற ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருட்கள்தான் வயிற்றுக்குள் போகும்.

உசிலம்பட்டி விவசாயி: நித்தியகல்யாணி போடச் சொல்லி ஏஜென்ட் வருகிறார். போடலாமா?

மானாவாரியில் வரும். தென் மாவட்டங்களில் போடுகிறார்கள். ஆனால் இலைக்கும் வேருக்கும் விலையை எழுத்தில் வாங்காமல் விதைக்காதீர்கள் ஐயா. உள்ளூர்ச் சந்தையில் வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

மேலூர் ஆசிரியை: நம் மலைகளிலிருந்து ஒரு மருந்தாவது வந்திருக்கிறதா? மாணவர்களை அரிட்டாபட்டிக்குக் கூட்டிப்போய்ச் செடி சேகரிக்கலாமா?

புற்றுநோய் செல்லைத் தாக்கும் கேம்ப்டோதெசின் என்ற பொருளை 1966இல் சீன மரம் ஒன்றில் வால், வாணி என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 1972இல் நம் நாட்டு வேதியியலாளர்கள் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் அதே பொருளை மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றில் கண்டார்கள். முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது, நிறுத்திவிட்டார்கள். மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றியமைத்த பிறகே டோபோடீகான், இரினோடீகான் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1996 ஆனது. இதற்கிடையே நம் மரங்களை வெட்டித் தள்ளிவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் அரிட்டாபட்டியில் பறிக்க வேண்டாம். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். பூவோடும் காயோடும் படம் எடுங்கள், இடத்தையும் தேதியையும் குறியுங்கள். ஆய்வுக்கென்று மாதிரி எடுப்பதானால் வனத்துறை அனுமதி வாங்கி, பூவோடு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, திருச்சி ராபினாட் ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்) போன்ற இடத்தில் அடையாளம் உறுதிசெய்து எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் வரும் சாற்றை நான் ஆய்வகத்துக்குள் விடுவதில்லை.