‘பிழைத்திருக்கலாம்’ என்றால் ஆள் இருக்கிறாரா, இல்லையா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், ‘ஹி மே ஹேவ் சர்வைவ்ட்’, ‘ஹி மைட் ஹேவ் சர்வைவ்ட்’ இரண்டுக்கும் ‘அவர் பிழைத்திருக்கலாம்’ என்றே எழுதினாள். டியூஷன் சார் இரண்டாவதை அடித்துவிட்டார். கேட்டால், ‘மைட் என்றால் சந்தேகம் கொஞ்சம் அதிகம்’ என்கிறார். அவ்வளவுதானா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: மகள் எழுதியதில் தப்பில்லை, அம்மா. ஆனால் சந்தேகம் கூடுதலா குறைவா என்பதோடு இது முடிந்துவிடாது. அதை நான் கற்றுக்கொண்ட நாளைச் சொல்கிறேன்.

1982-ல் ஆங்கில ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கடலில் விழுந்துவிட்டார் என்று தந்தி வந்து பத்து நாள் கழித்து, கப்பல் கம்பெனியின் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. திண்ணையில் எல்லோரும் கூடியிருக்க, நான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். ‘ஹி மைட் ஹேவ் பீன் சேவ்ட்’ என்ற இடத்தில் பக்கம் முடிந்தது. “காப்பாத்தியிருக்கலாம்னு எழுதியிருக்காங்க” என்றேன். அக்கா “என் சாமி!” என்று எழுந்து நின்றுவிட்டார். தாளைத் திருப்பினேன். அடுத்த சொல் ‘இஃப்’. படகை இன்னும் சீக்கிரம் இறக்கியிருந்தால் என்று போனது அந்த வரி. மேற்கொண்டு படிக்க எனக்கு வாய் வரவில்லை.

‘மே’யின் இறந்தகாலம் ‘மைட்’ என்று மனப்பாடம் செய்ததோடு சரி, ‘மைட் ஹேவ்’ இரண்டு பக்கமும் போகும் என்று எனக்கு அன்று தெரியாது. நடந்ததா இல்லையா என்று தெரியாதபோதும் வரும். நடக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்தபோதும் வரும். ‘மே ஹேவ்’ அப்படி இல்லை. கவனமாக எழுதுகிறவர்கள் முடிவு தெரியாத இடத்தில் மட்டும்தான் அதைப் போடுவார்கள்.

1924 ஜூன் 8 அன்று எவரெஸ்ட் உச்சியை நோக்கிப் போன மல்லோரியும் இர்வினும் திரும்பவில்லை. மல்லோரியின் உடல் 1999-ல் கிடைத்தது; அவர்கள் கொண்டுபோன கேமரா இன்றுவரை கிடைக்கவில்லை. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது இறந்தார்களா, ஏறும்போதேயா? யாருக்கும் தெரியாது. அதனால் ‘தே மே ஹேவ் ரீச்ட் த சம்மிட்’ என்று இன்றைக்கும் எழுதலாம். நூறு வருஷம் ஆகியும் அந்த ‘மே’ செல்லும். கேமரா கிடைத்து, உள்ளே படமும் இருந்துவிட்டால் அன்றோடு அதற்கு வேலை போய்விடும்.

டைட்டானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1912-ல் அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 2,200-க்கும் மேல். உயிர்காக்கும் படகுகள் 20. அவற்றில் இடம் 1,178 பேருக்கு. பிழைத்தவர்களோ சுமார் 700 பேர். இங்கே ‘மோர் பீப்புள் மைட் ஹேவ் பீன் சேவ்ட்’ என்றுதான் எழுத வேண்டும். ‘குட் ஹேவ்’ போட்டால் இன்னும் பொருத்தம். இடம் இருந்தது, ஏற்றவில்லை என்ற ஆதங்கம் அதில் வந்துவிடும். ‘மே ஹேவ்’ போட்டால், இன்னும் சிலர் எங்கேயோ பிழைத்திருக்கிறார்களோ என்று தேட வைக்கும். இந்தத் தப்பை ஆங்கிலப் பத்திரிகைகளே செய்கின்றன. எனக்குப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். ‘மே நாட் ஹேவ் ரீச்ட்’ என்றால் ஒருவேளை எட்டாமலே இருந்திருக்கலாம். ‘குட் நாட் ஹேவ் ரீச்ட்’ என்றால் எட்டியிருக்கவே முடியாது. முன்னதில் இன்னும் ஆராய இடமிருக்கிறது, பின்னது தீர்ப்பு.

நம் ‘லாம்’ இதையெல்லாம் ஒன்றாகவே சுமக்கிறது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்று கோபித்துக்கொள்கிறோமே, அதுவும் ‘யூ மைட் ஹேவ் டோல்ட் மி’தான். பேசும்போது குரலே பொருளைக் காட்டிவிடும். தாளில் குரல் கிடையாது. ஆகவே மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: முடிவு தெரியாத இடத்தில் ‘ஒருவேளை பிழைத்திருக்கலாம்’, கைவிட்டுப் போன இடத்தில் ‘மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார்’. அந்த ‘ஆல்’ இருந்தால் யாரும் வீணாக எழுந்து நிற்க மாட்டார்கள்.

கேள்வி: நாளை மழை வரலாம் என்பதற்கு ‘இட் கேன் ரெய்ன் டுமாரோ’ சரியா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: சரியில்லை. ‘மே’, ‘மைட்’, ‘குட்’ மூன்றில் எதுவும் போடலாம். சாதாரணப் பேச்சில் ‘மைட்’தான் அதிகம் காதில் விழும். சந்தேகத்தின் அளவில் பெரிய வித்தியாசம் யாரும் பார்ப்பதில்லை. ‘கேன்’ அவ்வப்போது நடக்கும் இயல்பைச் சொல்வது. லண்டனில் ஜூலையில்கூடச் சில நாள் குளிரும் என்பதற்கு ‘இட் கேன் பி கோல்ட் இன் ஜூலை’. நாளைக்கு என்று ஒரு நாளைக் குறித்துவிட்டால் ‘கேன்’ ஒட்டாது.

கேள்வி: ‘வி மைட் ஆஸ் வெல் வாக்’ என்பதில் ‘மைட்’ எதற்கு? இதிலும் சந்தேகமா?
- கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: இல்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது, இனி காத்திருந்து பயனில்லை. அப்போது நாம் என்ன சொல்வோம்? “சரி, நடந்தே போயிடலாம்.” அந்த ‘லாம்’தான் இந்த ‘மைட்’.