ஆளில்லா மலைக் குடிலில் ஓர் இரவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வரைபடத்தில் குடில் இருக்கிறது. கூடாரச் சுமையைக் குறைத்துக்கொண்டு அதை நம்பிப் போகலாமா?

குடிலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பொறுப்பாளர் இல்லாத குடில்கள் பலவற்றில் முன்பதிவே கிடையாது. ஆல்ப்ஸில் முகட்டோரம் நிற்கும் சிறிய பிவாக் குடில்கள் (அவசரத் தங்கலுக்கான எளிய குடில்கள்) சிலவற்றில் ஒன்பது பேர் படுத்தாலே இடம் நிறைந்துவிடும். வானிலை நன்றாக இருக்கும் வார இறுதியில் உங்களுக்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் வந்து சேர்ந்திருக்கும். மேகம் இறங்கிவிட்டால் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் குடில்கூடக் கண்ணில் படாது. கூடாரம் இல்லாவிட்டாலும் பிவாக் பை (ஸ்லீப்பிங் பேக்குக்கு மேல் போடும் நீர்புகா உறை), ஸ்லீப்பிங் பேக், தரைவிரிப்பு ஆகியவற்றை ஆளுக்கொன்றாக வைத்திருங்கள்.

இன்னொன்று. சில குடில்கள் ஆபத்தில் சிக்கியவர்களுக்கு மட்டுமே. ஆல்ப்ஸ் சிகரங்களான மேட்டர்ஹார்னில் 4,003 மீட்டரில் உள்ள சோல்வே குடிலும், மோன் பிளாங்க்கில் 4,362 மீட்டரில் உள்ள வாலோ குடிலும் அப்படிப்பட்டவை. அவற்றைப் பயணத் திட்டத்திலேயே இரவுத் தங்கலாக எழுதி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். புயலில் தள்ளாடி வருகிற ஒருவருக்குச் சேர வேண்டிய இடம் அது.

கேள்வி: வெளியே கடுங்காற்று. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே சமைக்கலாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். மூடிய குடிலில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பனியை உருக்கும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. சில்லென்றிருக்கும் பாத்திரத்தின் அடியில் படும் தீ குளிர்ந்துபோய், எரிவாயு முழுதாக எரியாமல் போகிறது. அதோடு, நாலு பேருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அடுப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடும்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று இந்த நச்சின் அறிகுறிகள் எல்லாமே உயர நோயின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். ‘உயரம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று படுத்துவிட்டால் எழுந்திருக்காமலே போகலாம். அடுப்பு எரியும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் யோசிக்க வேண்டாம். அடுப்பை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வாருங்கள்.

முடிந்தால் வாசல் மறைப்பில் சமையுங்கள். உள்ளேதான் சமைத்தாக வேண்டும் என்றால் கதவையும் எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் திறந்து வையுங்கள். காற்றுப்போக்கித் துளைகளைப் பனி அடைத்திருக்கிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். உள்ளிருந்து பார்த்தால் அது தெரியாது. குளிர் காய்வதற்காக அடுப்பை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கேள்வி: 3,500 மீட்டரில் தூக்கமே வரவில்லை. பயப்பட வேண்டுமா?

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு வேகமாக வாங்குவது பலருக்கும் நடக்கும். அது மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் மறுநாள் மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பாதை அனுமதித்தால் உடனே துணையோடு கீழே இறக்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருந்தால் இந்த நிலை வருவதே அரிது.

கேள்வி: தண்ணீருக்கு என்ன வழி?

பெரும்பாலும் பனிதான். பாத்திரத்தின் அடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வெறும் பனியைப் போட்டால் அடி கருகும், தண்ணீரிலும் கருகல் வாடை ஏறும். கழிவிடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், காற்று வரும் திசையில் பனியை வெட்டுங்கள். 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெகுநேரம் வேக வேண்டிய எதையும் சுமந்துபோகாதீர்கள்.

கேள்வி: லைட்டர் போதுமா?

போதாது. சொடுக்கிப் பொறி வரவைக்கும் வகை உயரத்தில் அடிக்கடி ஏமாற்றும். நனையாத பையில் தீப்பெட்டியும் இருக்கட்டும்.

கேள்வி: காலையில் கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

சுத்தம் செய்வது, குப்பையைக் கீழே கொண்டுபோவது எல்லாம் தெரிந்ததுதான். மீந்த உணவை ‘யாருக்காவது உதவும்’ என்று வைத்துவிட்டு வராதீர்கள், எலிதான் வரும்.

கதவுக்கு மட்டும் கூடுதலாக ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். காற்றில் பறக்கும் பனித்தூள் மாவு போல மெல்லியது. விரல் நுழையும் இடுக்கு போதும், ஒரே புயலில் அது உள்ளே வந்து படுக்கை மேல் குவியும், கம்பளிகளை நனைத்து உறையவைக்கும். கதவின் அடிப்பலகையில் ஒட்டிய பனிக்கட்டியைச் சுரண்டிவிட்டு, தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஜன்னல் பலகைகளுக்கும் இதே கவனம் வேண்டும். இரவில் பனிமண்வெட்டியை உள்ளேயே வைத்துக்கொண்டால், கதவுக்கு வெளியே பனி குவிந்தாலும் தோண்டிக்கொண்டு வெளியேறலாம்.

கேள்வி: சிக்னல் இல்லாத இடத்தில் உதவி கேட்பது எப்படி?

ஆல்ப்ஸில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை இது: விசில் ஒலி அல்லது விளக்கொளி நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று பொருள். குடிலில் பதிவேடு இருந்தால் பெயர், தேதி, அடுத்துப் போகும் பாதை மூன்றையும் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். மீட்புக் குழு தேடி வந்தால் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.