புகை நாட்களில் புல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ பக்கம் இருக்கிறேன். வார இறுதியில் கோல்ஃப் ஆடுவேன். வடக்கே காட்டுத்தீ பிடித்ததிலிருந்து இங்கே ஒரே புகை. கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்து உருளவே மாட்டேன் என்கிறது. கேட்டால், ‘புகை, அதனால் புல்லை உயர்த்தி வெட்டுகிறோம்’ என்கிறார்கள். சோம்பேறித்தனத்துக்கு இது ஒரு சாக்கா? காற்றுத் தரக் குறியீடு 160 காட்டும்போது ஆடலாமா? பச்சை மைதானம் தீயைத் தடுக்கும் என்பதால், அதற்குச் செலவாகும் தண்ணீரும் நியாயம்தானே?

ர.

அன்புள்ள ர.,

தண்ணீர்க் கேள்வியை முதலிலேயே ஓரம் கட்டிவிடுகிறேன். நீர் பாய்ச்சி ஒட்ட வெட்டிய புல்லில் தீ ஓடாது, சரி. ஆனால் தீக்கங்கு காற்றில் பறந்து வரும். 2017 அக்டோபரில் டப்ஸ் என்ற காட்டுத்தீ சான்டா ரோசா நகருக்குள் புகுந்தபோது அங்கிருந்த ஃபவுன்டன்குரோவ் கோல்ஃப் மைதானத்தின் புல் பெரும்பாலும் தப்பியது. கிளப் கட்டடம் எரிந்து போனது, சுற்றியிருந்த வீடுகளும் போயின. தண்ணீருக்கு வேறு நியாயம் தேடுங்கள்.

சோம்பேறித்தனம் என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் கிரீனில் இருப்பது பெரும்பாலும் பென்ட்கிராஸ் என்ற மெல்லிய புல். சாதாரண நாளில் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுவார்கள். அந்த மூன்று மில்லிமீட்டர் இலையை வைத்துத்தான் அது உணவு தயாரித்து வேரையும் வளர்க்க வேண்டும். மெல்லிய புகை அதை அவ்வளவாகப் பாதிக்காது. வெயிலின் கடுமை குறைவதால் கோடையில் சற்று இதமாகவும் இருக்கும். புகை அடர்ந்து நாள்கணக்கில் நின்றால் கதை வேறு. 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பட்டப்பகலில் ஆரஞ்சு நிற இருட்டு கவிந்ததே, அந்த மாதிரி வெளிச்சத்தில் இலை என்னத்தைச் சமைக்கும்? கிரீனுக்குப் போகும் ஃபேர்வே என்ற நீண்ட புல்வெளியில் இருக்கும் பெர்முடா புல்லுக்கு இன்னும் கஷ்டம். நம் அருகம்புல்லின் இனம் அது, முழு வெயில் வேண்டும்.

ஆகவே வெட்டும் உயரத்தை 3.5 மில்லிமீட்டருக்கு ஏற்றுவார்கள். தினம் வெட்டாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி, இடைப்பட்ட நாளில் ரோலர் மட்டும் ஓட்டுவார்கள். தழைச்சத்தைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் வெளிச்சமில்லாத நாளில் இலை கொழகொழவென்று வளரும். தண்ணீரையும் குறைக்க வேண்டும். புகையில் ஈரம் ஆவியாவது குறைவு. டைமரைப் பழைய கணக்கிலேயே விட்டுவிட்டால் கிரீன் சொதசொதவென்று நின்று பூஞ்சை பிடிக்கும். மண்ணின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைக் குத்திப் பார்த்துத்தான் ஸ்பிரிங்க்ளரைத் திறக்க வேண்டும். இதில் எது சோம்பேறித்தனம்? பந்து ஓர் அடி குறைவாக உருண்டதற்கா இவ்வளவு கோபம்?

சாம்பலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது அதுதான். கிரீனை வெட்டும் ரீல் மோவர் இயந்திரத்தில், ரீல் என்ற உருளையில் சுழலும் கத்திகள் கீழே அசையாமல் நிற்கும் பெட்நைஃப் என்ற கத்தியோடு உரசி, கத்தரிக்கோல் போல இலையைத் துண்டிக்கின்றன. பட்டறையில் அந்தக் கத்தியைத் தீட்ட, சிலிக்கன் கார்பைடு குருணை கலந்த பசையைத் தடவி ரீலைப் பின்பக்கமாகச் சுழற்றுவார்கள். சாம்பலிலும் மண்ணிலும் இருக்கும் துகள் அதே உரசலை, யாரும் கேட்காமல், முன்பக்கமாகச் சுழலும்போது செய்கிறது. முனை மழுங்கிவிடும். ஒரு துண்டுச் செய்தித்தாளை இரண்டு கத்திகளுக்கும் இடையில் கொடுத்துக் கையால் ரீலைச் சுற்றிப் பாருங்கள்: நறுக்கென்று வெட்டுப்படாமல் மடங்கினாலோ கிழிந்தாலோ கத்தி போய்விட்டது என்று பொருள். அந்தக் கத்தி இலையைக் கிழிக்கும், நுனி வெளுக்கும், காயத்தில் நோய் ஏறும்.

அதனால் சாம்பல் படிந்த காலையில் முதலில் தண்ணீர், பிறகுதான் மோவர். ஸ்பிரிங்க்ளரைச் சில நிமிடம் ஓடவிட்டு இலையைக் கழுவி, ஈரம் வடிந்த பின் வெட்ட வேண்டும். காய்ந்த சாம்பல்மேல் காற்றூதும் புளோயரைப் பிடிக்கவே கூடாது. தரையில் கிடப்பதைக் கிளப்பி மூக்குக்குள் அனுப்பும் வேலை அது. இயந்திரத்தின் ஏர் ஃபில்டரை அன்றன்று திறந்து பார்க்க வேண்டும். மரச்சாம்பல் காரத்தன்மை உள்ளது. மெல்லிய படலம் என்றால் மண் தாங்கிக்கொள்ளும். வீடுகள் எரிந்த சாம்பல் என்றால் அதில் ஈயமும் கல்நாரும் இருக்கலாம், அதைக் குளத்துப் பக்கம் கழுவி விடக் கூடாது.

160இல் ஆடலாமா? வேண்டாம். நான்கு மணி நேரம் நடந்தபடி மூச்சு வாங்கும் ஆட்டம் இது. 2020 செப்டம்பரில் ஒரேகான் புகையால் பெண்களுக்கான போர்ட்லாண்ட் கிளாசிக் போட்டியையே ஒருநாள் தள்ளி, 54 குழிகளாகச் சுருக்கினார்கள். உங்களுக்காவது வீட்டில் இருந்துவிட வழியுண்டு. விடியும் முன் மோவரில் ஏறுபவருக்கு அது கிடையாது. கலிபோர்னியா விதிப்படி நுண்துகளுக்கான காற்றுத் தரக் குறியீடு 151ஐத் தொட்டாலே, வெளியில் வேலை செய்வோருக்கு முதலாளி நுண்துகளை வடிகட்டும் என்95 போன்ற முகக்கவசம் தர வேண்டும். 500ஐத் தாண்டினால் அணிவது கட்டாயம். உங்கள் கிளப் தருகிறதா? அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள், கிரீன் வேகத்தைப் பிறகு பார்க்கலாம்.

புகை விலகிப் போய் ஆடும்போது, பந்து வந்து விழுந்ததால் கிரீனில் உண்டான பள்ளத்தைச் சின்ன ஃபோர்க்கால் விளிம்பிலிருந்து நடுவுக்குத் தள்ளி மூடிவிட்டு, புட்டர் மட்டையால் தட்டிச் சமன் செய்யுங்கள். நடுவைக் கீழிருந்து நெம்பினால் வேர் அறும், வெளிச்சம் பற்றாமல் இளைத்த புல்லில் அந்தத் தழும்பு ஆற நாளாகும்.