கேளுங்கள், சொல்கிறோம்: பாறைக்குப் பெயர் வைப்பது எப்படி?

சத்தியவேடு வாசகர்: கோதாவரிப் பள்ளத்தாக்கில் உள்ள ‘மாலேரி பார்மேஷன்’ என்ற பாறை அடுக்குத் தொகுதி ட்ரயாசிக் காலத்தது என்கிறார்கள். இப்படிப் பெயர் வைக்க என்ன முறை? எங்கள் ஊர் மணற்கல்லுக்கு நாங்களே பெயர் சூட்டலாமா?

உங்களுக்கு அந்த வேலை மிச்சம். சத்தியவேடு பார்மேஷன் என்று உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒன்று இருக்கிறது. கூழாங்கல் திரளும் மணற்கல்லும் கொண்ட அது கிரெட்டேசியஸ் காலத்தது, ட்ரயாசிக்கைவிட இளையது.

இனி முறைக்கு வருவோம். பெயரின் முதல் பாதி ஊர், ஆறு போன்ற ஓர் இடப்பெயர். இரண்டாம் பாதி ‘பார்மேஷன்’. ஒரே வகைக் கல்லே பெரும்பான்மை என்றால் ‘மணற்கல்’ என்றும் போடலாம். காலத்தைப் பெயரில் சேர்க்கக் கூடாது. பார்மேஷன் என்பது கல்லின் தன்மையால் பிரித்து, வரைபடத்தில் எல்லை போட முடிகிற அடுக்குத் தொகுதி. புதிய புதைபடிவம் கிடைத்தால் வயது திருத்தப்படலாம், கல் மாறாது. ஆகவே 25.2 கோடி முதல் 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான ‘ட்ரயாசிக்’ என்பது விவரிப்பில்தான் வரும். இந்தியாவுக்கான பெயரிடல் விதித்தொகுப்பு 1971-இல் வந்தது.

ஒருமுறை வைத்த பெயரை வேறு பாறைக்கு வைக்கக் கூடாது. விலங்குகளுக்கும் இதே கெடுபிடிதான்: மாலேரியில் கிடைத்த சிறு டைனோசருக்கு 1987-இல் வைத்த ‘வாக்கேரியா’ வேறோர் உயிருக்கு முன்பே போயிருந்ததால், 1994-இல் ‘அல்வாக்கேரியா’ ஆனது.

அடுத்து, மாதிரி வெட்டுமுகம் ஒன்றைக் குறிக்க வேண்டும்: ஓடைக்கரையோ குவாரியோ, அடியும் மேலும் தெரிகிற இடம், பிறர் போய்ச் சரிபார்க்கக்கூடியதாக. மாலேரிக்குக் கீழே பீமாரம் மணற்கல், மேலே தர்மாரம். பீமாரம் மணற்கல் முடிந்து மாலேரியின் செங்களி தொடங்கும் இடத்தில் கோடு போடுவது சுலபம் போலத் தோன்றும். ஆனால் மாலேரிக்குள்ளேயே மணற்கல் பட்டைகளும் சுண்ணாம்பு உருண்டைகள் சேர்ந்த கல்லும் வருகின்றன. எந்தப் பட்டையை எல்லையாகக் கொண்டோம், ஏன் என்று எழுதாவிட்டால், அடுத்து வருபவர் வேறு பட்டையில் கோடு போடுவார்.

அதிகம் பிழை நேர்வது தடிமனில். சமதரையில், அடுக்கின் சாய்வுத் திசையிலேயே 100 மீட்டர் நடந்தீர்கள், சாய்வு 12 பாகை என்றால் தடிமன் 100 மீட்டர் அல்ல. 100 × சைன் 12, அதாவது சுமார் 21 மீட்டர். குறுக்காகக் கோணலாக நடந்தாலோ தரை சரிவாக இருந்தாலோ இந்தக் கணக்கும் பொய்க்கும்.

நிறத்தைச் சுத்தியால் உடைத்த புதுமுகத்தில் பாருங்கள். வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் ஏமாற்றும். ஈரமா, உலர்ந்ததா என்றும் குறியுங்கள். மணியளவுக்கு 10 மடங்கு லென்ஸ், சுண்ணாம்புக்கு 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு, நுரைத்தால் உண்டு. குறுக்கடுக்கு, அதாவது ஓர் அடுக்குக்குள்ளேயே சாய்வாகப் படிந்த சிறு அடுக்குகள், தெரிந்தால் அது சாயும் திசையை அளந்துவிடுங்கள், பழைய ஆறு எப்பக்கம் ஓடியது என்பதற்கு அதுதான் சாட்சி.

எலும்புத்துண்டு தரையில் உதிர்ந்து கிடந்தால் அது மேலடுக்கிலிருந்து உருண்டு வந்திருக்கலாம். அடுக்கிலேயே பதிந்திருந்ததா, உதிரியா என்பதைத் தனித்தனியே எழுதுங்கள். ஹைப்பரோடேபிடான் போன்ற ஊர்வனவற்றைக் கொண்டே மாலேரிக்குப் பிற்பகுதி ட்ரயாசிக் என வயது சொல்கிறோம். அடுக்கு தெரியாத எலும்பு அதற்கு உதவாது.

எழுத்துக்கூட்டல் ஒன்று பாக்கி. நிலைத்துவிட்ட பெயரை, ஊர்ப்பலகை மாறியதற்காக மாற்றுவதில்லை. ஆனால் ‘ஸ்ரீபெர்மாத்தூர்’ என்று பழைய அறிக்கைகளில் இருக்கும் பாறைப் பெயரை இன்று ஸ்ரீபெரும்புதூர் என்றே எழுதுகிறார்கள். விதி அப்படி, வழக்கம் இப்படி!

நகரி வாசகர்: தரைக்குப் போடும் கோட்டா கல், கோதாவரிப் பக்கத்துக் கோட்டா பார்மேஷனிலிருந்து வருவதா?

இல்லை. தரைக்கல் ராஜஸ்தானின் கோட்டா நகரப் பகுதிச் சுண்ணாம்புக்கல், டைனோசர்களுக்கு மிக முந்தையது. கோட்டா பார்மேஷன் பிராணஹிதா கரையிலுள்ள சிற்றூரின் பெயர் பெற்றது. தர்மாரத்துக்கு மேலே வரும், ட்ரயாசிக்குக்கு அடுத்த ஜுராசிக் காலப் படிவு. மீன் புதைபடிவங்கள் அதன் சுண்ணாம்புக்கல்லில்தான். உங்கள் வீட்டுத் தரையில் தேட வேண்டாம்.